கட்டக்கோரையிலிருந்து மருந்துவரை: கடல்பாசியில் அழற்சி எதிர்ப்புப் பொருள் தேடும் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு கல்வியாண்டும் முதுகலை மாணவர்கள் சிலர் வந்து, "சார், கடல்பாசியில ஆன்டி-இன்ஃபிளமேட்டரி ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கேன்" என்பார்கள். நல்ல தலைப்புதான். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நம் கரையிலேயே கிடைக்கிற மூலப்பொருள். செலவும் அதிகமில்லை. ஆனால் பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் "மெத்தனால் சாறு அழற்சியைக் குறைத்தது" என்ற ஒரே வரியில் போய் நின்றுவிடுகின்றன. எந்தப் பொருள் குறைத்தது, எவ்வளவு கொடுத்தால் குறைகிறது, செல்லைக் கொல்லாமல் குறைத்ததா என்று கேட்டால் பதில் இருக்காது.

பாசிச் சாறு அழற்சியைக் குறைக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுக் காட்டுவது எளிது. குறைத்தது பாசிதான், நம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான்.

முதலில், எதை அணைக்கப் போகிறோம்?

காலில் முள் குத்தினால் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதுதான் அழற்சி, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. ஆறவேண்டிய நேரத்தில் ஆறாமல் மூட்டிலோ குடலிலோ மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்தால் நோயாகிவிடுகிறது. செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து சைக்ளோஆக்சிஜனேஸ்-2 போன்ற நொதிகளையும், டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் புரதங்களையும் உற்பத்தி செய்யச் சொல்கிறது. டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் அந்த நொதியை அடைக்கின்றன. கூடவே வயிற்றுச் சுவரைக் காக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ்-1 நொதியையும் அடைத்துவிடுவதால்தான் வயிற்றுப் புண் வருகிறது. கடலில் நாம் தேடுவது, சைக்ளோஆக்சிஜனேஸ்-2-ஐத் தொட்டு 1-ஐ விட்டுவைக்கும் பொருளை. அல்லது நொதியையே தொடாமல் வேறு வழியில் போகும் பொருளை.

படி 1: எந்தப் பாசி, எதற்காக?

"கிடைத்த பாசியை எடுத்தோம்" என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதை வைத்துப் பாசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழுப்புப் பாசிகள்தான் இந்தத் துறையின் சுரங்கம். மண்டபம், பாம்பன் பக்கம் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசமும், பக்கோடா பாசி எனப்படும் டர்பினேரியாவும் இந்த வகை. இவற்றில் மூன்று விதமான பொருள்கள் இருக்கின்றன. முதலாவது ஃப்யூகாய்டன், சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலி. ஸ்வீடன் நாட்டு ஹரால்ட் கைலின் 1913-இலேயே இதைப் பிரித்தெடுத்தார். வெள்ளை அணுக்கள் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றி உருண்டு, பிறகுதான் வீக்கம் உள்ள இடத்துக்குள் நுழையும். அப்படிப் பற்றுவதற்கு உதவும் செலக்டின் புரதங்களில் ஃப்யூகாய்டன் போய் ஒட்டிக்கொள்கிறது. பிடிமானம் இல்லாததால் அணுக்கள் வழுக்கிப் போய்விடும். இரண்டாவது ஃப்ளோரோடானின்கள், பழுப்புப் பாசிக்கே உரிய துவர்ப்புப் பொருள்கள். மூன்றாவது ஃப்யூகோசாந்தின், பாசிக்குப் பழுப்பு நிறம் தரும் நிறமி.

சிவப்புப் பாசிகளில் மரிக்கொழுந்து எனப்படும் ஜெலிடியெல்லாவும் கஞ்சிப்பாசி எனப்படும் கிராசிலேரியாவும் அகர் ஆலைகளுக்குப் போகிறவை. இவற்றின் சல்பேட் ஏறிய சர்க்கரைகளையும் பலர் ஆராய்கிறார்கள். பச்சைப் பாசியில் உல்வா பரவாயில்லை. என்னைக் கேட்டால் முதல் ப்ராஜெக்டுக்குக் கட்டக்கோரைதான். தாராளமாகக் கிடைக்கும், முன்னவர்கள் செய்த வேலையும் ஒப்பிட்டுப் பார்க்க நிறைய இருக்கிறது.

படி 2: கடலில் இறங்குவது

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கீற்றுகூட எடுக்கக் கூடாது. பூங்கா எல்லைக்கு வெளியே எடுத்தாலும், எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஜிபிஎஸ் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனாலும் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் மூழ்கித்தான் எடுக்க வேண்டும். நான் மாணவனாக முதல்முறை இறங்கியபோது, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டிப் பாசி எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "அடியோட புடுங்காதப்பா. நுனிய கிள்ளு. அடி இருந்தாத்தான் திரும்பத் தழைக்கும்." பாறையில் பற்றியிருக்கும் அந்த அடிப்பிடியைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அது பறிபோனால் என்ன ஆகும் என்பது அவர் சொல்லித்தான் உறைத்தது. இந்தக் கரையின் பெண்கள் மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் தொழிலாளி லட்சுமி 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது பெற்றார். கடலை அறிந்தவர்களோடு இறங்குங்கள். அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர்கள் ஊரையாவது எழுதுங்கள்.

எடுத்த அன்றே செய்யவேண்டியவை மூன்று. ஒரு முழுச் செடியை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியம் தாளில் ஒட்டுங்கள். ஒரு சிறு துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு டிஎன்ஏ பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்காசம் இனங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பதில் நிபுணர்களே தடுமாறுவார்கள். பெயர் தவறினால் அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் வேறொரு பாசியின் கதையாகிவிடும். கடைசியாக மாதம், ஆழம், செடியில் இனப்பெருக்க உறுப்புகள் தெரிகின்றனவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல பழுப்புப் பாசிகளில் முதிர்ச்சியோடு ஃப்யூகாய்டன் அளவும் மாறுகிறது. போன வருடத்துச் சாறு வேலை செய்து, இந்த வருடத்துச் சாறு செய்யாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

படி 3: கழுவி உலர்த்துவது

முதலில் கடல் தண்ணீரிலேயே அலசி மணலைப் போக்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் சிறு பாசிகள், நத்தைகள், புழுக்கூடுகளை மெல்லிய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முறை, வேகமாக. ஊறவிட்டால் மானிடால், லாமினாரின் என்ற சர்க்கரை வகைப் பொருள்களும் துவர்ப்புப் பொருள்களும் கரைந்து வாளியோடு போய்விடும்.

கரையில் மணலில் பரப்பிக் காயவைப்பது ஆலைக்குப் போகும் சரக்குக்குச் சரி, ஆய்வுக்கு ஆகாது. நைலான் வலையைக் கட்டி, நிழலில், காற்றோட்டமாக உலர்த்துங்கள். வெயில் பட்டால் ஃப்யூகோசாந்தின் சிதையும். ஈரப்பாசியில் 80 முதல் 90 விழுக்காடு தண்ணீர்தான் என்பதால் ஒரு கிலோவுக்கு 100 முதல் 200 கிராம் தூள் கிடைத்தால் அதிகம். இந்தக் கணக்கைப் போடாமல் கரைக்குப் போய் அரைக் கிலோவோடு திரும்பும் மாணவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன்.

படி 4: சாறு எடுப்பது

எல்லாவற்றையும் மெத்தனாலில் ஊறப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் மெத்தனாலில் ஃப்யூகாய்டன் கரையாது. தேடும் பொருளுக்கு ஏற்ற கரைப்பான் வேண்டும்.

ஃப்யூகாய்டனுக்கு முதலில் தூளை 80 விழுக்காடு எத்தனாலில் பலமுறை அலசி நிறமி, கொழுப்பு, துவர்ப்பு எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். எஞ்சிய சக்கையை 60 முதல் 70 டிகிரி வெந்நீரிலோ மிக மெல்லிய அமிலத்திலோ சில மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். வடிநீரில் கால்சியம் குளோரைடு சேர்த்தால் பாசியின் இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான ஆல்ஜினேட் கஞ்சி மாதிரி திரண்டு கீழே இறங்கும். அதை நீக்கிவிட்டு எத்தனால் ஊற்றினால் ஃப்யூகாய்டன் வெள்ளை நூலாகப் பிரிந்து மேலே சுழலும். முதல்முறை அதைப் பார்க்கும் மாணவர் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம். பிறகு டயாலிசிஸ் (சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் வைத்து உப்பை வெளியேற்றுவது), உறையுலர்த்தல். நூல் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் துவர்ப்பு இன்னும் கலந்திருக்கிறது என்று பொருள். அதோடு சோதனைக்குப் போகாதீர்கள். ஃப்யூகாய்டனின் ஆன்டி-ஆக்சிடன்ட் ஆற்றல் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வந்த துவர்ப்பின் வேலைதான்.

ஃப்ளோரோடானினுக்கு 70 விழுக்காடு அசிட்டோன். ஃப்யூகோசாந்தினுக்கு எத்தனால், குளிர்ச்சி, இருட்டு. குடுவையை அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள்.

படி 5: செல்லில் சோதிப்பது (இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறோம்)

வழக்கமான முறை இது. ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோஃபேஜ் செல்களுக்கு (கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணு வகை) எல்பிஎஸ் என்ற பாக்டீரியாச் சுவர்ப் பொருளைக் கொடுத்தால் அவை கொதித்தெழுந்து நைட்ரிக் ஆக்சைடு வெளியிடும். 24 மணி நேரம் கழித்து க்ரீஸ் கரைசலைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை 540 நானோமீட்டரில் அளப்போம். செல் வளர்க்கும் தட்டில் சாறு கொடுத்த குழிகளில் நிறம் குறைந்தால் அழற்சி குறைந்தது என்று எழுதுவோம்.

நிறம் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

முதல் காரணம், செல் செத்திருக்கலாம். செத்த செல் நைட்ரிக் ஆக்சைடு விடாது. என் முதல் ஆண்டு முடிவுகளில் ஒரு பாதி இப்படித்தான் குப்பைக்குப் போனது. அழகான சரிவுக்கோடு, மூன்று முறை செய்தாலும் அதே முடிவு. உயிரோடு இருக்கும் செல்களை எண்ணிப் பார்த்தபோது பத்தில் நான்குதான் மிச்சம். அழற்சி அடங்கவில்லை, செல்தான் அடங்கியிருந்தது. ஆகவே நச்சுத்தன்மைச் சோதனை முதலில், அழற்சிச் சோதனை பிறகு. 90 விழுக்காட்டுக்கு மேல் செல் பிழைக்கும் அளவுகளில் மட்டுமே மேலே போங்கள். இன்னொன்று, உயிருள்ள செல் பட்டால் ஊதா நிறமாகும் எம்டிடி கரைசலை வைத்துத்தான் பிழைத்த செல்களை அளப்போம்; துவர்ப்புள்ள சாறு அதைத் தானே ஊதா நிறமாக்கிவிடும். செத்த செல்கூட உயிரோடு இருப்பதுபோல் காட்டும். செல் இல்லாத குழியிலும் சாற்றை ஊற்றி ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, சாறே வெளியில் எல்பிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு செல்லை அண்டவிடாமல் செய்திருக்கலாம். சாற்றைக் கொடுத்துச் சில மணி நேரம் வைத்து, கழுவி எடுத்துவிட்டு, அதன்பின் எல்பிஎஸ் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் நிறம் குறைந்தால்தான் செல்லுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.

மூன்றாவது, எனக்கு மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தது: எண்டோடாக்சின் மாசு, அதாவது நாம் கொடுக்காமலே வந்து சேரும் எல்பிஎஸ். பாசியின் மேல் வாழும் பாக்டீரியாக்களிலிருந்தும் டயாலிசிஸ் தண்ணீரிலிருந்தும் எல்பிஎஸ் நம் மாதிரிக்குள் புகுந்துவிடும். ஆட்டோகிளேவில் உயர் அழுத்த நீராவி கொடுத்தாலும் அழியாது. கண்ணாடிப் பொருள்களை 250 டிகிரியில் அரை மணி நேரம் சுட வேண்டும். மாசு பட்ட மாதிரி செல்லைத் தானே தூண்டும். "நோய் எதிர்ப்பைக் கூட்டுகிறது" என்று நாம் மகிழ்ந்துபோவோம். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. சிறிதளவு எல்பிஎஸ்ஸை முன்கூட்டியே பார்த்துப் பழகிய செல், பிறகு பெரிய அளவு வரும்போது மந்தமாகத்தான் பதில் தரும். மாசே அழற்சி எதிர்ப்பு மருந்துபோல வேடம் போட்டுவிடும்.

மாசை அளக்க லிமுலஸ் சோதனை இருக்கிறதே என்பீர்கள். குதிரைக் குளம்பு நண்டின் ரத்தத்தை வைத்துச் செய்யும் அந்தச் சோதனை பீட்டா-குளூக்கனுக்கும் உறையும். பழுப்புப் பாசியின் சேமிப்புச் சர்க்கரையான லாமினாரினே ஒரு பீட்டா-குளூக்கன். ஆகவே பாசிக்கு எண்டோடாக்சினை மட்டும் கண்டுகொள்ளும் ரீகாம்பினன்ட் ஃபேக்டர்-சி சோதனையைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றையெல்லாம் தாண்டிய சாற்றுக்கு, அழற்சியை அடக்கும் மருந்தான டெக்சாமெத்தசோனை ஒப்பீடாக வைத்து, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 அளவுகளை எலைசா என்ற புரத அளவுச் சோதனையில் பாருங்கள். சைக்ளோஆக்சிஜனேஸ் 1, 2 இரண்டையும் சேர்த்தே சோதியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் வயிற்றுப் புண் கேள்விக்குப் பதில் கிடைக்காது. துவர்ப்புப் பொருள் எந்தப் புரதத்தையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சம்பந்தமே இல்லாத வேறொரு நொதியையும் அது முடக்குகிறதா என்று ஒரு முறை பாருங்கள். முடக்கினால் அது மருந்தாகாது, தோல் பதனிடும் வேலைதான் செய்கிறது.

ஃப்யூகாய்டன் என்றால் சல்பேட்டை நீக்கிய ஒரு மாதிரியையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். சல்பேட் போனதும் ஆற்றல் போனால், உங்கள் கதைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

படி 6: விலங்கில்

நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி கையில் வந்த பிறகுதான் எலியைத் தொட வேண்டும். உலகம் முழுவதும் கையாளும் முறை எலிப்பாத வீக்கச் சோதனை. 1962-இல் விண்டர், ரிஸ்லி, நஸ் மூவரும் வகுத்தது. பின்னங்கால் பாதத்தில் 0.1 மில்லிலிட்டர் அளவு 1 விழுக்காடு கராஜினன் ஊசி போட்டு, மணிக்கொரு முறை வீக்கத்தை அளப்பார்கள். முதல் மணி நேரத்து வீக்கம் ஹிஸ்டமின், செரடோனினால். மூன்றாம் மணி நேரத்தை ஒட்டியது, சைக்ளோஆக்சிஜனேஸ் வழியாக உண்டாகும் புரோஸ்டாகிளாண்டினால். உங்கள் சாறு எந்தக் கட்டத்தில் வீக்கத்தைக் குறைக்கிறது என்பதை வைத்தே அது எந்த வழியில் வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம்.

கராஜினன் எங்கிருந்து வருகிறது? சிவப்புக் கடல்பாசியிலிருந்து. வீக்கத்தை உண்டாக்கும் பொருளும் பாசிச் சர்க்கரைதான், தணிக்கும் பொருளும் பாசிச் சர்க்கரைதான். இரண்டிலும் சல்பேட் இருக்கிறது. சங்கிலியின் அமைப்பும், நீளமும், உடலுக்குள் போகும் வழியும்தான் வேறுபாடு. நம் கரையில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி தருவதும் ஒரு வகைக் கராஜினன்தான். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்க்கிறார்கள். சோதனைக்குப் பெரும்பாலும் எடுப்பது லாம்டா வகை. "கடல்பாசி அழற்சிக்கு நல்லது" என்று மொத்தமாகச் சொல்வது ஏன் பிழை என்று மாணவர்கள் கேட்டால் நான் இந்தச் சோதனையைத்தான் காட்டுவேன். எந்தப் பாசி, எந்தப் பொருள் என்று சொல்லாத வாக்கியத்துக்கு இந்தத் துறையில் மதிப்பில்லை.

படி 7: பொருளைப் பிரித்து அடையாளம் காண்பது

சாற்றைக் குரோமட்டோகிராஃபி காலத்தில் (பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் குழாயில்) ஏற்றிப் பிரிப்பது, ஒவ்வொரு பகுதியையும் மறுபடி படி 5-இல் சோதிப்பது, வேலை செய்யும் பகுதியை மீண்டும் பிரிப்பது. பொறுமைதான் வேண்டும். சிறு மூலக்கூறு என்றால் கடைசியில் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைப் படிக்கும் கருவி), நிறமாலை இரண்டும் அமைப்பைச் சொல்லிவிடும். ஃப்யூகாய்டனுக்கு அப்படி ஒற்றை அமைப்பு கிடையாது. ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை எவ்வளவு, சல்பேட் எவ்வளவு, யூரானிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலம் எவ்வளவு, மூலக்கூற்று எடை என்ன என்று நான்கையும் தர வேண்டும். இவை இல்லாத ஃப்யூகாய்டன் ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கவே முடியாது.

படி 8: மனிதனுக்கு எவ்வளவு?

எலியில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வேலை செய்தது என்று வையுங்கள். அதை மனிதனுக்கு மாற்ற 6.2 ஆல் வகுக்க வேண்டும்; கிலோவுக்கு ஏறத்தாழ 32 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 1.9 கிராமுக்கு மேல். கச்சாச் சாறு என்றால் அதற்கு எத்தனை கிராம் பாசி வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல கனவுகள் இந்தக் கணக்கிலேயே நின்றுவிடும். நிற்கட்டும், நோயாளியின் வயிற்றில் போய் நிற்பதைவிட இது மேல். ஃப்யூகாய்டன் பெரிய மூலக்கூறு என்பதால் வாய்வழி கொடுத்தால் ரத்தத்துக்குள் மிகக் கொஞ்சமே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டுத் தேய்மானத்தில் நடந்த இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வுகளை ஒவ்வொரு மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2010-இல் வெளிவந்ததில் 12 பேர். பழுப்புப் பாசிச் சாறு கலந்த மருந்தை 12 வாரம் சாப்பிட்டார்கள். நாளுக்கு 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் 18 விழுக்காடும், 1000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 52 விழுக்காடும் குறைந்தன. ஆனால் வெறும் மாத்திரை கொடுத்த ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. 2016-இல் அதே குழுவினர் ஒப்பீட்டுக் குழுவோடு, 300 மில்லிகிராம் ஃப்யூகாய்டன் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பானது என்று தெரிந்தது. வெறும் மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை. தங்கள் பழைய நம்பிக்கைக்கு எதிரான முடிவையும் அச்சேற்றிய அந்த நேர்மையை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இந்தியாவில் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பாசிச் சாற்றிலிருந்து மூட்டுவலிக்கான 'கடல்மின்' காப்ஸ்யூலை உருவாக்கியிருக்கிறது. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வேர் நம் மண்டபம் முகாமில்தான் இருக்கிறது.

படி 9: "நான் இப்போதே சாப்பிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு

ப்ராஜெக்ட் செய்கிறோம் என்று தெரிந்ததும் வீட்டில் மூட்டுவலிக்காரர்கள் கேட்பார்கள். காய்ந்த பாசித் தூளைக் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். சில பழுப்புப் பாசிகளில் ஒரு கிராமிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ஃப்யூகாய்டன் ரத்தம் உறைவதைத் தடுக்கும் என்பதால், அதே வேலை செய்யும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது. ஜப்பானியர்கள் உண்ணும் ஹிஜிகி பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம் என்று பிரிட்டன் உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதைச் சாப்பிட வேண்டாம் என்கிறது. அந்த ஹிஜிகியும் ஒரு சர்காசம்தான், நம் கட்டக்கோரைக்குப் பங்காளி. ஆகவே உங்கள் மாதிரியில் மொத்த ஆர்சனிக்கோடு நிற்காமல் கனிம ஆர்சனிக்கைத் தனியாக அளந்து, ஆய்வேட்டில் போடுங்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால், விண்ணப்பம் எழுதும் முன்பே சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் உயிர்வளத்தால் வரும் பயனைப் பகிரச் சொல்கிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் பெண்களுக்கு அந்தப் பங்கு போய்ச் சேர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

கடைசியாக ஒரு டப்பா

எல்லாத் தூளையும் சாறு எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை எடுத்ததிலும் 50 கிராமைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது உங்கள் முடிவைச் சந்தேகித்தால் பதில் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கும். சீட்டில் பாசியின் பெயர், ஹெர்பேரியம் எண், இடம், தேதி, எடுத்தவர் பெயர். பென்சிலால் எழுதுங்கள். ஆய்வகத்தில் எத்தனால் ஒரு சொட்டு பட்டாலும் பேனா மை போய்விடும்.